21 டன் உப்பை நம்பிக் கட்டிய வீடு

மார்கழிக் காலையில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைப்பது நம் வீடுகளில் சகஜம். உருகும்போது எண்ணெய் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. மறுபடி உறையும்போது அதே வெப்பத்தை வெளியே விடுகிறது. இந்தச் சின்ன விஷயத்தை நம்பி 1948-ல் ஒரு வீட்டையே கட்டினார்கள்.

இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர். யோசனை, ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்க்கஸுடையது. வடிவமைத்தவர் எலினார் ரேமண்ட். பணம் போட்டவர் சிற்பி அமீலியா பீபடி. மூவருமே பெண்கள்!

எண்ணெய்க்குப் பதில் அவர்கள் எடுத்துக்கொண்டது கிளாபர் உப்பு. விலை மலிவு, 32 டிகிரி செல்சியஸிலேயே உருகும். சுமார் 21 டன் உப்பை டிரம்களில் அடைத்து, அறைகளுக்கு நடுவே அடுக்கினார்கள். தெற்குப் பார்த்த கண்ணாடிகளுக்குப் பின்னால் பகலில் சூடாகும் காற்றை மின்விசிறிகள் இழுத்துவந்து உப்பை உருக்கும். இரவில் உப்பு உறைய உறைய வீடு கதகதப்பாகும்.

ஹங்கேரியிலிருந்து வந்த டெல்க்கஸின் உறவினர் குடும்பம், சின்னக் குழந்தையோடு அங்கே குடியேறியது. முதல் இரண்டு குளிர்காலங்களும் நன்றாகவே போயின. மூன்றாவதில் வீடு குளிர ஆரம்பித்தது.

என்ன ஆச்சு? கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்தது. உருகும்போது உப்பில் ஒரு பகுதி கரையாமல், ரசத்தின் மண்டி போல அடியில் இறங்கிவிடும். ரசத்தையாவது கரண்டியால் கலக்கலாம், மூடிய டிரம்மை எப்படிக் கலக்குவது? அடியில் உப்பும் மேலே தண்ணீரும் பிரிந்து நின்றதால், அவை மறுபடி முழுசாகச் சேர்ந்து உறையவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கிடைத்த வெப்பம் குறைந்தது. போதாக்குறைக்கு டிரம்களும் அரித்து ஒழுகின. கடைசியில் உப்பை அகற்றிவிட்டு, எண்ணெயில் எரியும் ஹீட்டரை வைத்தார்கள்.

டெல்க்கஸ் விடவில்லை. உப்போடு ஒருவகைக் களிமண்ணைச் சேர்த்துக் கூழ் போலக் கெட்டியாக்கினால் மண்டி இறங்காது என்ற வழியை 1970-களில் காப்புரிமையாகப் பதிவு செய்தார். நீண்ட காலம் கழித்து ஹங்கேரிக்குப் போனபோது, 1995 டிசம்பர் 2 அன்று புடாபெஸ்ட்டில் காலமானார். 95-வது பிறந்தநாளுக்குப் பத்து நாள்தான் பாக்கி.

இன்று மருந்து, தடுப்பூசி அனுப்பும் பெட்டிகளில்கூட இப்படி உருகி உறையும் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் உருக்கி உறையவைத்துப் பார்க்கிறார்கள். முதல் தடவை எவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறது என்பது மட்டும் போதாது. ஆயிரமாவது தடவையும் அதே அளவைத் திருப்பித் தருகிறதா என்பதுதான் கேள்வி. சோலார் தண்ணீர்ப் பானையோ, இன்வெர்ட்டர் பேட்டரியோ, வாங்கும்போது நீங்களும் கடைக்காரரிடம் அதையே கேளுங்கள்: ‘எத்தனை வருஷம் இதே மாதிரி உழைக்கும்?’