தோற்ற ஆட்டமும் அதன் பயனும்

சதுரங்கப் பலகையினின்று தோற்றெழும் இளைஞர் பலர் கூறும் சமாதானங்கள் பெரும்பாலும் இரண்டேயாம். "தொடக்கத்திலேயே பிசகிவிட்டேன்" என்பது ஒன்று. "கைக்கு வந்த செக்மேட்டைக் காணாது விட்டேன்" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், இவ்வளவு சொல்லிக் காய்களைப் பெட்டியிலிட்டு மூடுவோர், தோல்வியின் துன்பத்தைப் பெற்று அதன் பயனை இழந்தவராவர். தோற்ற ஆட்டத்தைத் தாமே மீளவும் ஆடிப் பிழையின் காரணத்தைத் தேடுதலே சதுரங்கக் கல்வியின் உயிர் என்பதும், அத்தேட்டத்தை முதலிலேயே கணிப்பொறியிடம் ஒப்புவித்தல் தகாது என்பதும் எமது கருத்தாகும்.

செங்கற்பட்டுக் கடற்கரைக்கு இவ்விளையாட்டோடு ஒரு தனித்தொடர்பு உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நிகழ்ந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் அங்கே கூடினர். அணுபுரம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் முதலிய அண்மையூர்ச் சிறுவர்க்கு அஃது அரியதொரு காட்சியன்றோ? அங்கே நம் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். அதனை எல்லோரும் நினைவிற் கொண்டுள்ளனர். ஆனால் பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானத்து அப்துசத்தாரோவுக்கு எதிரே, வெற்றி தம் பக்கம் இருந்த நிலையிலேயே பிழைத்துத் தோற்றார் என்பதையோ பலர் மறந்தனர். அவ்வாட்டம் சமனாய் முடிந்திருப்பினும் இந்தியாவின் இரண்டாம் அணி அச்சுற்றை வென்றிருக்கும். முடிவில் அவ்வணி வெண்கலம் பெற, உஸ்பெகிஸ்தானம் தங்கம் பெற்றது. அத்தகைய தோல்வியைக் கண்ட இளைஞரே 2024 டிசம்பர் 12ஆம் நாள், தம் பதினெட்டாம் வயதில், சிங்கப்பூரில் உலக வீரரானார். தோல்வி ஒருவனை முடித்துவிடுவதன்று என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுமோ?

நிற்க. தொடக்கப் பிழையின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். புதிதாகக் கற்போர் பலர் நான்காம் நகர்த்தலிலேயே செக்மேட் ஆவதுண்டு. வெள்ளையின் ராணியும் மந்திரியும் ஒருங்கே, கறுப்பு அரசனுடைய மந்திரியின் முன்நிற்கும் சிப்பாயைக் குறிவைக்கின்றன. அச்சிப்பாய்க்கு அரசனையன்றி வேறு காவல் இல்லை. கறுப்பு ஆடுவோன் அதனைக் கருதாது, ராணியை விரட்டும் ஆசையால் குதிரையை முன்செலுத்த, ஆட்டம் முடிகின்றது. இதற்கு மாற்று நகர்த்தலை மட்டும் மனப்பாடம் செய்பவன் ஒரு சூழ்ச்சியினின்று தப்புவான். "எதிரியின் கடைசி நகர்த்தல் எதை நாடியது என்று ஏன் யான் வினவவில்லை?" எனத் தன்னையே கேட்பவனோ நூறு சூழ்ச்சிகளினின்று தப்புவான்.

இனி, காணாது விட்ட செக்மேட்டை நோக்குவோம். இது கற்றுக்குட்டிகளுக்கே உரிய குறையன்று. 2006ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில், அந்நாளைய உலக வீரர் கிராம்னிக், டீப் பிரிட்ஸ் என்னும் கணிப்பொறியோடு ஆடிய இரண்டாம் ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் விழவிருந்த செக்மேட்டைக் காணாது தம் ராணியை வேறிடம் செலுத்தினார். பொறியின் ராணிக்குத் துணைநின்ற குதிரை, கறுப்பின் கடைசி வரிசையில், வழக்கமாக அத்தாக்குதலுக்கு உதவாத ஒரு கட்டத்தில் நின்றது. கண் பழகிய வடிவத்தையே தேடுகின்றது. பழகாத வடிவம் எதிரே நிற்பினும் அதனை விட்டு விலகுகின்றது. சிங்கப்பூரின் இறுதி ஆட்டத்திலும், சமனாய் முடியத்தக்க நிலையில் டிங் லிரென் தம் 55ஆம் நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அதனால் யானைகளும் மந்திரிகளும் மாற்றுண்டு, எஞ்சிய சிப்பாய் ஆட்டம் அவருக்குத் தோல்வியாயிற்று.

"பொறி ஒரு நொடியிற் பிழையைக் காட்டுமாயின், நாம் ஏன் நெடுநேரம் உழைத்தல் வேண்டும்?" எனச் சிலர் வினவுவர். தக்க வினாவே. பொறியின் கணக்கு நம் கணக்கினும் மிக நுண்ணியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கூறுவது சிறந்த நகர்த்தல் யாது என்பதே. அதனை நாம் காணாமைக்குக் காரணம் அச்சமோ, அவசரமோ, வெற்றி வந்துவிட்டதென்னும் இறுமாப்போ என்று அது கூறாது. அதனை அறிந்தவன் ஆடியவன் ஒருவனே. ருஷிய நாட்டின் உலக வீரர் போட்வின்னிக், தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியைப் பிறர் குறைகூறுமாறு வெளியிடுதல் வேண்டும் என இளைஞர்க்கு அறிவுறுத்தியதும் இதுபற்றியே.

ஆதலின் மாணவ நண்பர்களே! நகர்த்தல்களை எழுதி வையுங்கள். ஆட்டம் முடிந்தபின் எதிரியோடு அமர்ந்து, ஐயுற்ற இடந்தோறும் அப்போது கருதியதை மறையாது கூறுங்கள். அவர் கருதியதையும் கேளுங்கள். அதன்பின் பொறியை அணுகி, உங்கள் தீர்ப்பை அதன் தீர்ப்போடு ஒத்துநோக்குங்கள். பெற்றோரும் ஆசிரியரும் போட்டியினின்று திரும்பும் சிறுவனை "கோப்பை எங்கே?" என முதலில் வினவாதிருப்பாராக. அவ்வினாவால் அவன் தன் தோல்விகளை மறைக்கக் கற்கின்றான். மறைத்த பிழை அடுத்த போட்டியிலும் அவனோடு வருகின்றது. "எந்த நகர்த்தலில் நிலை மாறிற்று?" என்று வினவி, பலகையை விரித்து அவனருகே அமர்தலே அவனுக்குச் செய்யும் உதவியாம்.