மணி அடிக்கிற சங்கங்களே, கதவைத் திறங்க!

ஒரு தையல் மெஷின். அதைப் பிடித்துக் கொண்டு பதினாறு பேர். அவர்களுக்கு நடுவே, பாதி முகம் மறைந்து போய், மெஷினை வாங்கிக் கொள்ள வந்த பெண்மணி!

இந்தப் போட்டோவைப் பார்க்காத வாசகர் உண்டா? சேவை சங்கம் என்றாலே நம்ம ஜனங்களுக்கு ஞாபகம் வருவது இதுதான். கோட்டு, கழுத்தில் பட்டை, சட்டையில் பித்தளை வில்லை, மேஜை மேலே ஒரு மணி. தலைவர் மணியைத் தட்டினால் கூட்டம் ஆரம்பம். மறுபடி தட்டினால் சாப்பாடு!

ரோட்டரி, லயன்ஸ், ஜேசீஸ் என்று பெயர் எதுவானாலும் சின்ன ஊர்களில் ஒரே புலம்பல்தான் கேட்கிறது. "புதுசா ஆளே சேர மாட்டேங்கிறாங்க சார். இந்தக் காலத்துப் பசங்களுக்கு சேவை மனப்பான்மையே கிடையாது!"

அப்படியா?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது படகோடு வந்தவர்கள் மீனவ வாலிபர்கள். எந்தத் தெருவில் யார் மாட்டிக் கொண்டிருக்கிறார்கள் என்று செல்போனிலேயே பட்டியல் போட்டு சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பியவர்கள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பசங்க. 2024 நவம்பர் 30-ந்தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. நம்ம மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! அப்போதும் முழங்கால் தண்ணீரில் இறங்கியவர்களில் கோட்டு போட்டவர்களைவிட கைலி கட்டியவர்கள்தான் ஜாஸ்தி.

ரசிகர் மன்றத்துப் பையன் தன் நட்சத்திரத்தின் பிறந்த நாளுக்கு வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறான். அதே பையனை "எங்க சங்கத்துல சேரு தம்பி" என்று கூப்பிட்டால் ஓடுகிறான்.

ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறவன் சந்தா கொடுக்கப் பயப்படுகிறான் என்றால், கோளாறு அவன் மனசில் இல்லை. உங்க வாசலில் இருக்கு!

தொண்டூர் பாறை

பொது வேலைக்குச் சங்கம் சேர்வது ஏதோ அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம்.

செஞ்சி பக்கம் தொண்டூர் போய்ப் பாருங்கள். அங்கே பாறையில் சமண முனிவர்கள் படுக்க வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்திலே பழைய தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. சுமார் 1700 வருஷத்துக்கு முந்தையது என்று எழுத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

அதில் என்ன இருக்கு? இளங்காயிபன் என்ற ஒருவர் சொன்னார். அகழூர் அறம் செய்தது. மோசி என்பவர் இடத்தைச் செய்து முடித்தார். விஷயம் அவ்வளவுதான். அகழூர் இன்றைக்கும் செஞ்சி வட்டாரத்தில் இருக்கிற ஊர்.

யோசனை சொன்னவர் பெயர் இருக்கு. செலவை ஏற்ற ஊர் பெயர் இருக்கு. அதோடு செய்து முடித்தவன் பெயரும் இருக்கு! கல்லில் எழுத்து வெட்டுவது எவ்வளவு சிரமம்? ஒரு எழுத்து மிச்சம் பிடித்தாலும் லாபம்தானே! அப்படியும் மோசியை விட்டு விடவில்லை.

நம்ம சங்கத்து அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். மாவட்ட ஆளுநர், துணை ஆளுநர், மண்டலம், வட்டாரம், முன்னாள், இந்நாள், வருங்காலம் என்று நாற்பது பெயர். முகாமுக்கு முந்தின நாள் ராத்திரி தெருத்தெருவாகப் போய் நோட்டீஸ் ஒட்டின பையன் பெயர் எங்கே? காணோம்!

கக்கூஸ் கட்டின சங்கம்

ரோட்டரி ஆரம்பித்த கதையும் சுவாரசியமானதுதான். 1905 பிப்ரவரி 23-ந்தேதி சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி. ஒருவர் சுரங்க என்ஜினீயர். ஒருவர் தையல் தொழில் செய்தவர். ஒருவர் ஆபீசில் இந்த வாரம், அடுத்தவர் ஆபீசில் அடுத்த வாரம் என்று கூட்டம் சுற்றிச் சுற்றி வந்ததால் அந்தப் பெயர். ஓட்டல் ஹால் கிடையாது.

அவர்கள் 1907-ல் கையில் எடுத்த முதல் பொது வேலை என்ன தெரியுமா? சிகாகோ நகரத்தில் பொதுக் கக்கூஸ்! கடைத்தெருவுக்கு வருகிற ஆணும் பெண்ணும் அவஸ்தைப்பட்டார்கள். "எங்க சாராயக் கடையிலதான் கக்கூஸ் இருக்கே" என்று பீர் கம்பெனிக்காரர்கள் எதிர்த்துக்கூடப் பார்த்தார்கள். இவர்கள் விடவில்லை.

ஊருக்கு எது குறையோ அதில் கை வைத்தார்கள், சங்கம் வளர்ந்தது. 1929-ல் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. மெல்வின் ஜோன்ஸ் 1917-ல் ஆரம்பித்த லயன்சும் அப்படித்தான். 1925-ல் ஹெலன் கெல்லர் அம்மையார் அவர்கள் மாநாட்டுக்கு வந்து, "பார்வை இல்லாதவர்களுக்கு நீங்கள் துணை நில்லுங்கள்" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்துக் கொண்ட கண் வேலைதான் இன்றைக்கும் அவர்களுக்கு முகவரி.

பொம்பளைங்க வந்தா என்னவாம்?

இனி கொஞ்சம் கசப்பான சங்கதி. ரோட்டரியில் முதலில் பெண்களுக்கு இடமே இல்லை. 1977-ல் அமெரிக்காவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊர்ச் சங்கம், ஆள் பற்றாமல் போனதால் மூன்று பெண்களைச் சேர்த்தது. தலைமை நிலையம் என்ன செய்தது? சங்கத்தையே நீக்கி விட்டது!

டுவார்ட்டேக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? "முன்னாள் ரோட்டரி சங்கம்" என்று பெயர் வைத்துக் கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 1987 மே 4-ந்தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் அந்தச் சங்கத்துக்கு ஒரு பெண்மணியே தலைவரானார். லயன்சும் அந்த வருஷமே பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1989-ல் ரோட்டரி உலகம் பூராவும் பெண்களை அனுமதித்தது. 2022-ல் உலகத் தலைவர் நாற்காலியிலேயே கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் உட்கார்ந்தார்.

அந்த 1989-ல்தான் நம்ம தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஆரம்பமாயின. கோட்டு இல்லை, மணி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கூட்டம். நோட்டுப் புத்தகத்தில் கணக்கு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் குழு இல்லாத கிராமம் உண்டா?

அப்படிக் கூட்டம் நடத்தி, பாங்க் மேனேஜரிடம் பேசி, கடனைக் கட்டி முடித்த பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். இவர்களை விடப் பழகின ஆள் எந்தச் சங்கத்துக்குக் கிடைக்கும்? ஆனால் நம்ம ஊர்ப் பக்கம் பல சங்கங்களில் பெண்கள் என்றால் இன்னும் "குடும்ப விழா"வில் குத்துவிளக்கு ஏற்றத்தான் கூப்பிடுகிறார்கள். இது வெட்கக்கேடு.

ராத்திரி 7 மணிக் கூட்டம்

காந்தி பஜாரில் கடை வைத்திருக்கிறவரை ராத்திரி 7 மணிக்குக் கூட்டத்துக்கு வா என்றால் வருவாரா? அவருக்கு வியாபாரமே அப்போதுதான்! திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்சில் போய் வேலை பார்க்கிற குமாஸ்தா வீடு திரும்பும்போது மணி எட்டு. சென்னையில் வேலை பார்க்கிற பையன் சனிக்கிழமைதான் ஊருக்கு வருகிறான். அப்புறம் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? கடையைப் பிள்ளையிடம் கொடுத்து விட்டவர்களும் பென்ஷன் வாங்குகிறவர்களும்தான்.

முன்பெல்லாம் வாராவாரம் கூட்டம், வராவிட்டால் நீக்கம் என்று கெடுபிடி இருந்தது. அதையும் ரோட்டரி 2016-ல் தளர்த்தி விட்டது. மாதம் இரண்டு முறை கூடினால் போதும், எப்படிக் கூடுவது என்பதும் உங்க இஷ்டம் என்று சொல்லி விட்டார்கள். மேலிடமே கயிற்றை அவிழ்த்து விட்டது, கீழே இருக்கிறவர்கள்தான் முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்!

காசு விஷயமும் இருக்கு. சந்தா, சாப்பாட்டுச் செலவு, மாநாட்டுச் செலவு, பதவியேற்பு விழாவுக்குப் பங்கு. மளிகைக் கடை பில்லுக்கே மூச்சு முட்டுகிற மாதச் சம்பளக்காரன் இதையெல்லாம் எங்கே போய்க் கட்டுவான்?

"காசைக் குறைச்சா கண்டவனும் வந்துடுவான் சார்" என்று ஒரு பெரியவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரட்டுமே! கண்டவன்தானே ஊர்!

மச்சான் உறுப்பினர்

ஆள் குறைவது நம்ம ஊர்க் கவலை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சங்கம், குழு என்று சேர்ந்த ஜனங்கள் எல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து தனித்தனியாகிப் போனார்கள் என்று ராபர்ட் புட்னம் என்ற பேராசிரியர் 2000-ல் ஒரு புத்தகமே போட்டார். பந்து உருட்டி விளையாடக்கூடத் தனியாகப் போகிறார்களாம்!

இதற்கு மருந்தாக, 2021-ல் உலகத் தலைவராக வந்த கொல்கத்தாவின் சேகர் மேத்தா, "ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் நம்ம ஆட்கள் இப்படி உத்தரவு வந்தால் என்ன செய்வார்கள்? மச்சானைக் கூட்டி வருவார்கள், பங்காளியைக் கூட்டி வருவார்கள். ஜூலையில் மாலை போட்டுச் சேர்ந்த மச்சான் அடுத்த ஜூனில் இருக்க மாட்டார். கணக்கில் ஆள் ஏறும், முகாமில் ஆள் இருக்காது.

வேலையைக் காட்டினால் ஆள் தானாக வரும். போலியோவைப் பாருங்கள். 1985-ல் ரோட்டரி அதைக் கையில் எடுத்தது. "சொட்டு மருந்து" என்று ஒரே வேலை, ஒரே கூப்பாடு. உறுப்பினர் இல்லாதவர்கள்கூட பூத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரி 13-ந்தேதி மேற்கு வங்காளம் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச் 27-ந்தேதி உலக சுகாதார நிறுவனம் "ஒழிந்தது" என்று சான்று கொடுத்தது. அரசாங்கம், டாக்டர்கள், லட்சக்கணக்கான ஊழியர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. சங்கத்துக்கும் உண்டு. இப்படி ஒரு வேலை செய்தவர்களிடம் யாராவது "உங்க சங்கம் எதுக்கு?" என்று கேட்பார்களா?

பாட்டிக்குக் கண்

சங்கம் மூடிப் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, இன்றைக்கு நம்ம பக்கத்திலே புதுச்சேரியிலும் இருக்கு. அவர்கள் கிராமங்களில் முகாம் நடத்துகிற முறை எப்படி? டாக்டரும் கருவியும் அவர்கள் பொறுப்பு. இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துவது, நோட்டீஸ் அடிப்பது, வருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது எல்லாம் உள்ளூர்ச் சங்கம் பொறுப்பு. புரை இருந்தால் அன்றைக்கே பஸ்சில் கூட்டிப் போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டு வந்து விடுவார்கள்.

உள்ளூரில் சங்கம் இல்லை என்றால் அந்த ஆட்டோ வராது. ஆட்டோ வராவிட்டால் மேல்மலையனூர்ப் பக்கத்து ஏதோ ஒரு பாட்டி "வயசானா அப்படித்தான்" என்று சுவரைத் தடவிக் கொண்டே மிச்ச காலத்தையும் ஓட்டி விடுவாள்.

அதனால்தான் பெரியவர்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வெள்ளத்தில் ஓடி வந்த வாலிபர் குழுக்கள், தண்ணீர் வடிந்ததும் கலைந்து விட்டன. வரவு செலவு நோட்டு இல்லை, அடுத்த மாதம் என்ன என்ற யோசனை இல்லை. பெரியவர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும், தாசில்தார் ஆபீசில் யாரைப் பார்க்கணும் என்று தெரியும். பையனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கு, பெரியவரிடம் லெட்டர்பேடு இருக்கு. இரண்டும் ஒரே வாசலில் நிற்கணும்.

செஞ்சிக்கு ஒரு வேலை

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மராட்டியர் ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் 12 கோட்டைகள். அதில் 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம்முடையது!

இனி வெளியூர்க்காரர்கள் வருவார்கள், வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். கல்யாண மகால் எது, களஞ்சியம் எது, ராஜாராம் எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கியது எந்த மலையில், தேசிங்கு ராஜா கதை என்ன என்று எடுத்துச் சொல்ல உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார் செய்தால் என்ன? ராஜகிரிப் படியில் கிடக்கிற தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கினால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு வையுங்கள். கடைக்காரரும் வரலாம், குமாஸ்தாவும் வரலாம். சந்தா, பாரம் எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம். பொருளாளர் பதவியை முப்பது வயதுக்குக் கீழே ஒருவருக்கும், செயலாளர் பதவியைக் குழு நடத்தின ஒரு பெண்மணிக்கும் கொடுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும். போட்டோ வேண்டுமானால் எடுத்துக் கொள்ளுங்கள், ஆனால் சாக்கு தூக்கினவன் முன்வரிசையில் நிற்கட்டும்.

கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அவர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே போய் எந்த வேலையும் செய்ய முடியாது. முதலில் முறையாக ஒரு கடிதம் எழுத வேண்டும். நல்ல கடிதம் எழுதத் தெரிந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர்கள் எந்தச் சங்கத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள்!