'மக்கு'ப் பட்டம் சூட்ட யாருக்கு உரிமை?

ஆசிரியர் கதை கூறினால் அதன் கருத்தை நொடியில் உணர்ந்து விடை பகரும் சில மாணாக்கர், புத்தகத்தை விரித்ததும் திகைத்து நிற்கின்றனர். லகர ளகர ழகரங்கள் அவர்களுக்கு மயங்குகின்றன. எழுத்தெழுத்தாய்க் கூட்டியும் சொல் பிறப்பதில்லை. அவர்களுக்கு நாம் அளிக்கும் பட்டங்கள் 'மக்கு', 'சோம்பேறி' என்பனவன்றோ?

1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து வைத்தியர் பிரிங்கிள் மோர்கன் இத்தகைய 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடக்குமாயின் அவனே பாடசாலையில் முதல்வனாவான் என அவனுடைய ஆசிரியர் கூறியதையும் பதிந்துவைத்தார். இதனையே இன்று டிஸ்லெக்சியா என்கின்றனர். அறிவுக்கும் இதற்கும் பகையில்லை. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் வழி வேறு, அவ்வளவே. ஓரிடத்தில் அமரமாட்டாத பிள்ளையும், இரைச்சலைத் தாங்கமாட்டாத ஓட்டிசப் பிள்ளையும் இவ்வாறு வேறு வழியிற் கற்பவர்களே.

1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. மாற்றுத்திறன் காரணமாகப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2016இல் கட்டாயக் கல்வி 16 வயது வரை நீண்டது. ஆயின், வாயிலைத் திறந்துவிட்டுப் பாடத்தைப் பூட்டிவைத்தால் அது கல்வியாகுமா?

நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்செய்வார் எனச் சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. ஆனால், முன்வாங்கில் இருத்துவதற்கும், பணிகளை ஒவ்வொன்றாகச் சொல்வதற்கும், விடையை வாய்மொழியாகக் கேட்பதற்கும் திறைசேரியின் பணம் வேண்டுமா? ஏடுதொடக்கும் நாளிற் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றோம். கண்ணும் செவியும் கையும் கூடிக் கற்கும் அம்முறையே இப்பிள்ளைகளுக்கு உற்ற துணை. அதனை அன்றோடு கைவிடுவானேன்?

எஞ்சிய பொறுப்பு அரசாங்கத்தினுடையது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒவ்வொருவரும் இவ்வேறுபாடுகளை இனங்காணப் பயிற்றப்படல் வேண்டும். விசேட கல்வி அலகுகளுக்கு இப்பிள்ளைகளைத் தள்ளிவிட்டுச் சாதாரண வகுப்பு கைகழுவலாகாது. புலமைப்பரிசில் முதலாய பரீட்சைகளில் மேலதிக நேரமும், வினாவை வாசித்துக்காட்டும் உதவியும், தேவைப்படும் பிள்ளைக்குத் தயக்கமின்றிக் கிடைத்தல் வேண்டும்.

பெற்றோரே, நாணி மறைக்காதீர்கள். பாடசாலைக்குச் சென்று கேளுங்கள். நாம் கோருவது இரக்கமன்று, உரிமை. அதனை வழங்கும்வரை, பரீட்சையில் தவறியவர் பிள்ளையல்லர்; பாடம் புகட்டத் தவறிய நாமே.