குடியிருப்பாளர் குழு சொல்வது எப்போது எடுபடும்? உங்கள் தாமானும் மாநகராட்சியின் அடுத்த ஆண்டுத் திட்டமும்

மழை பெய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் நிரம்பி வழிகிறது. நீங்கள் மாநகராட்சிக்குப் புகார் கொடுக்கிறீர்கள். ஆட்கள் வந்து குப்பையை அள்ளிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

புகார் இன்றைய அடைப்பைச் சரிசெய்யும். அந்தக் கால்வாயை அகலப்படுத்த வேண்டுமா, எந்தத் தாமானில் முதலில் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஆண்டுத் திட்டத்திலும் வரவுசெலவிலும் முடிவாகிற விஷயம். அந்த இடம்வரை உங்கள் குரலைக் கொண்டுபோகும் வழிகளில் ஒன்று, தன்னார்வலர்கள் உட்காரும் ஆலோசனைக் குழு. அது எப்படி இயங்குகிறது, அதன் பேச்சு எப்போது எடுபடும் என்று பெட்டாலிங் ஜெயாவை முன்வைத்துப் பார்ப்போம்.

ஓட்டு இல்லை, ஆலோசனை உண்டு

மலேசியாவில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நாம் ஓட்டுப் போடுகிறோம். மாநகர் மன்றத்துக்குப் போடுவதில்லை. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமன முறையை நிலைப்படுத்தியது.

அந்தச் சட்டப்படி, ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் இருக்கலாம். அவர்களை நியமிப்பது மாநில அரசாங்கம்.

அப்போ, ஒரு மன்ற உறுப்பினர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்றால் அவரை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. ஆலோசனைக் குழு முக்கியமாவது இதனால்தான்.

குழுவில் யார் இருக்கிறார்கள்?

பெட்டாலிங் ஜெயா 2006 ஜூன் 20ஆம் தேதி மாநகரமானது. அங்கே வட்டாரங்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு குடியிருப்பாளர் மன்றம் உண்டு. மன்ற உறுப்பினர் ஒருவர் அதற்குப் பொறுப்பு. மலாய்ப் பெயரின் சுருக்கமாக அதை எம்பிபி என்பார்கள். குடியிருப்பாளர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா போன்ற அமைப்புகளில் இருப்பவர்களையும் இதில் பார்க்கலாம். பெரும்பாலும் வேலை முடிந்து, இரவு நேரத்தில் கூட்டத்துக்கு வருபவர்கள்.

இன்னொன்று, லோக்கல் அஜெண்டா 21. 1992இல் ரியோவில் நடந்த பூமி உச்சநிலை மாநாட்டில் பிறந்த யோசனை இது. ஊராட்சி மன்றம், பொதுமக்கள், தனியார் துறை மூன்றும் சேர்ந்து ஊரின் சுற்றுச்சூழல் திட்டத்தை வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மலேசியாவில் 2000ஆம் ஆண்டு நான்கு இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது: பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மிரி, கிரியான்.

இந்தக் குழுக்கள் சட்டம் போட முடியாது, அபராதம் விதிக்க முடியாது. பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பரிந்துரை கோப்பில் தூங்குமா, குத்தகையாக மாறுமா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது.

1. இது யாருடைய வேலை?

பல பட்டியல்கள் இங்கேயே விழுந்துவிடுகின்றன. “ஆற்றைச் சுத்தம் செய்யணும், காற்றுத் தூய்மைக்கேட்டை நிறுத்தணும், வெள்ளத்தைத் தடுக்கணும்” என்று எழுதினால், “இது எங்க வேலை இல்லையே” என்ற பதில்தான் வரும். பாதி நேரம் அது உண்மையும்கூட.

சாலையோரக் கால்வாய் பொதுவாக ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஆறும் பெரிய வடிகால்களும் ஜேபிஎஸ் எனப்படும் நீர்ப்பாசன, வடிகால் துறையின் கீழ் வரும். தொழிற்சாலைப் புகையும் கழிவும் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி சுற்றுச்சூழல் துறையின் வேலை.

குப்பை இன்னும் சிக்கல். 2007ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தை, அதாவது சட்டம் 672ஐ, சிலாங்கூர், பினாங்கு, பேராக் உள்ளிட்ட சில மாநிலங்கள் ஏற்கவில்லை. ஆகவே ஜொகூரிலோ மலாக்காவிலோ கூட்டரசு மேற்பார்வையில் நடக்கும் குப்பைச் சேகரிப்பு, சிலாங்கூரில் மாநிலத்தின் ஏற்பாட்டில் நடக்கிறது. ஜொகூர் உறவினர் வீட்டில் இருக்கும் விதி உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, மன்றத்தின் கையில் நேரடியாக என்ன இருக்கிறது? நிறையவே. மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகர், கிராமத் திட்டமிடல் சட்டமான சட்டம் 172இன்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட, சில விதிவிலக்குகள் தவிர, உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரத் தரப்பின் அனுமதி வேண்டும். மேம்பாட்டு அனுமதி, சந்தைகளின் தூய்மை, திடல்கள், மதிப்பீட்டு வரி எல்லாம் மன்றத்தின் கையில்தான். வீட்டில் மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனப்படுத்தும் குடும்பங்களுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு தரும் திட்டத்தை பெட்டாலிங் ஜெயா நடத்தியிருக்கிறது. மன்றம் தன் அதிகாரத்துக்குள் நின்றே செய்த வேலை அது.

2. எப்போது சொல்கிறீர்கள்?

ஊராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அடுத்த ஆண்டு வரவுசெலவுக் கணக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே தயாராகத் தொடங்கிவிடும். நவம்பரில் வெள்ளம் வந்த பிறகு கூட்டம் போட்டுக் காரசாரமாகப் பேசினால், அடுத்த ஆண்டுப் பணம் ஏற்கெனவே பங்கு பிரிந்திருக்கும்.

இதில் தாமதம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2021 டிசம்பரே சாட்சி. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ பாதி சிலாங்கூரில். அன்று பெய்தது அசாதாரண மழை. ஒரு தாமானின் கால்வாய்ப் பராமரிப்பு மட்டும் அதைத் தடுத்திருக்காது. ஆனாலும் நீர் எங்கே முதலில் தேங்கும், எந்த மதகு அடைக்கும் என்பதை அங்கேயே குடியிருப்பவர்தான் முதலில் பார்க்கிறார். அந்தத் தகவல் வறண்ட மாதங்களிலேயே மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

3. எப்படிக் கேட்கிறீர்கள்?

ஓர் உதாரணத்துக்கு இரண்டு பரிந்துரைகளை ஒப்பிடுவோம்.

முதலாவது: “வட்டாரத்தில் பசுமை விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்.”

இரண்டாவது: “இந்த மூன்று சாலைகளின் கால்வாய்களை, மழைக்காலத்துக்கு முன் செப்டம்பருக்குள் தூர்வார வேண்டும். முன்னும் பின்னும் படம் எடுத்து டிசம்பர் கூட்டத்தில் காட்ட வேண்டும்.”

முதலாவதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். அதனால்தான் யாரும் செய்யவும் மாட்டார்கள். கோத்தோங் ரோயோங் ஒன்று நடத்தி, பதாகை பிடித்துப் படம் எடுத்து முடித்துவிடலாம். இரண்டாவதற்கு இடம், காலம், பொறுப்பு மூன்றும் இருப்பதால், ஆண்டு முடிவில் நடந்ததா இல்லையா என்று கேட்க முடியும்.

இருபது கோரிக்கைகள் கொண்ட பட்டியலும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது. அதில் எளிதான நான்கைச் செய்துவிட்டு, “உங்கள் பரிந்துரைகளை நிறைவேற்றினோம்” என்று சொல்லிவிடலாம். கடினமான இரண்டு அப்படியே கிடக்கும்.

மேசையில் இல்லாதவர்கள்

இந்தக் குழுக்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இரவுக் கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், வாடகைக்கு இருப்பவர், குழந்தையை விட்டு வர முடியாத தாய் அங்கே குறைவு. ஆக, பங்களா வரிசையின் மரங்கள் முதலிடம் பிடிக்கலாம். அடுக்குமாடியின் குப்பைத்தொட்டி கடைசிக்குப் போகலாம்.

பினாங்கு 2012இல் இதற்கு வேறு வழியை முயன்றது. பாலின நோக்குள்ள பங்கேற்பு வரவுசெலவு என்ற திட்டத்தில், மலிவு விலை அடுக்குமாடிகளின் குடியிருப்பாளர்களிடமே போனார்கள். பெண்கள், முதியோர், இளையர் எனத் தனித்தனியாகத் தேவைகளைக் கேட்டு, பிறகு எதற்குப் பணம் போக வேண்டும் என்று அவர்களையே வாக்களிக்க வைத்தார்கள். மக்கள் கூட்டத்துக்கு வரக் காத்திருக்காமல், கூட்டம் மக்களிடம் போனது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் மண்டலத்துக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். குழுவின் அடுத்த ஆண்டு முன்னுரிமைப் பட்டியலைக் கேளுங்கள். கையோடு சென்ற ஆண்டுப் பட்டியலையும் கேளுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் உண்டா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சட்டம் 171இன் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, மாநகர் மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் ஊடகத்துக்கும் திறந்தது. நீங்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அதன் கீழுள்ள செயற்குழுக்களுக்கு இந்த விதி தானாகப் பொருந்தாது. அந்தக் குழு சம்மதித்தால்தான் கதவு திறக்கும். வேலையின் பெரும்பகுதி அந்தக் குழு அறைகளில்தான் நடக்கிறது. ஆகவே, குடியிருப்பாளர் குழு தன் முதல் பரிந்துரையாக இதையே வைக்கலாம்: நாங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று மன்றம் பகிரங்கமாகப் பதில் தர வேண்டும்.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. ஆனால் ஓட்டு இல்லாத ஊரில், கேட்டதற்குப் பதில் கிடைப்பதுதான் அடுத்த பெரிய உரிமை. அடுத்த முறை பின்கால்வாய் நிரம்பும்போது புகாரும் கொடுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்துப் படமும் எடுத்து வையுங்கள். வறண்ட மாதக் கூட்டத்தில் அதுதான் உங்களுக்காகப் பேசும்.