டயட் சார்ட்டுக்கும் சாதி உண்டு

டயட் சார்ட் மருத்துவ சமாச்சாரம், அதில் எங்கே வந்தது சாதி என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எடை குறைக்க என்று தமிழில் சுற்றிவரும் உணவுத் திட்டம் எதையாவது எடுத்து ஒருமுறை வாசியுங்கள். காலையில் ஓட்ஸ், ஊறவைத்த பாதாம் ஆறு. பதினோரு மணிக்குப் பழம். மதியம் இரண்டு சப்பாத்தி, முளைகட்டிய பயறு. மாலையில் கிரீன் டீ. இரவுக்குக் காய்கறி சூப்பும் பன்னீரும். கடைசியில், 'அசைவம் சாப்பிடுபவராக இருந்தால்' என்று ஒரு வரி: தோல் நீக்கிய கோழி, வேகவைத்த மீன், முட்டையின் வெள்ளைக்கரு. அதிலும் மாட்டுக்கறி இருக்காது. ஈரல் இருக்காது, குடல் இருக்காது, கருவாடு இருக்காது.

2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் புலால் உண்பவர்கள் 97 விழுக்காட்டுக்கும் மேல். அந்த 97 பேருக்கும் அடிக்குறிப்பில்தான் இடம். மிச்சம் இருப்பவர்களின் சமையலறைதான் 'ஆரோக்கியமான உணவு' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. 'சைவம்' என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நமக்கு 'அ' என்ற எதிர்மறை முன்னொட்டு மட்டும்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் உண்பதை 'அல்லாதது' என்று அழைக்கப் பழக்கிய அதே புத்திதான் டயட் சார்ட்டையும் எழுதுகிறது.

இதை நகைத்துவிட்டு நகர முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் என்கிறது. அதற்கு முந்தைய சுற்றில் (2015–16) இது 30.9. அதே ஐந்தாம் சுற்றில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எடை கூடுகிறது, ரத்தம் குறைகிறது. வயிறு நிறைய மாவுச்சத்தும், புரதமும் இரும்புச்சத்தும் போதாமலும் உண்ணும் ஒரு சமூகத்தின் கணக்கு இது. இந்த இடத்தில் எந்த உணவைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

என் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. எடையைக் குறைத்தால்தான் கால் தாங்கும் என்று டாக்டர் சொல்ல, ஒரு தனியார் மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் கூட்டிப் போனேன்.

"வீட்ல என்ன சாப்பிடுவீங்கம்மா?"

"சோறு, குழம்பு. ஞாயித்துக்கிழமையானா கறி எடுப்போம்மா."

"என்ன கறி?"

"பெரிய கறிதான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அதெல்லாம் ஒரே கொழுப்பும்மா, சுத்தமா விட்டுடுங்க. வேணும்னா சிக்கன் எடுத்துக்குங்க, மாசத்துக்கு ஒருக்கா மட்டன்." அதன்பிறகு அம்மா எந்தக் கேள்விக்கும் தலையை மட்டும்தான் ஆட்டினார். கையில் கிடைத்தது மேலே சொன்ன அதே ஓட்ஸ், பாதாம், பன்னீர் பட்டியல்.

அந்தப் பதிலை அறிவியலாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம். கொழுப்பைச் சீவிய மாட்டுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும், கொழுப்பு 10 கிராமுக்கும் கீழே. அவர் தாராளமாக எழுதிக்கொடுத்த பன்னீரிலும் புரதம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் கொழுப்பு அதே 20 கிராம் அளவுக்குப் போகும். ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராத மாட்டுக்கறியில், உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் வகை இரும்புச்சத்து இருக்கிறது. பன்னீரில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். ரத்தசோகை பாதி மாநிலத்தைப் பிடித்திருக்கும்போது ஈரலையும் மண்ணீரலையும் பட்டியலிலிருந்து எடுத்தது எந்த மருத்துவம்?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் வைத்தது உண்மை. அதனால் அளவு வேண்டும். வாரத்துக்குச் சமைத்த நிலையில் 350 முதல் 500 கிராமுக்குள் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு. ஆனால் சிவப்பு இறைச்சி என்றால் அதில் ஆடும் உண்டு. ஆட்டுக்கு 'மாசத்துக்கு ஒருக்கா', மாட்டுக்கு 'சுத்தமா விட்டுடுங்க' என்றால், அந்த வித்தியாசம் புற்றுநோய் ஆய்விலிருந்து வரவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதை அம்பேத்கர் 1948லேயே எழுதிவிட்டார். தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்த நூலில், தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்பதோடு சேர்த்துவைத்துத்தான் அவர் விவாதித்தார். அந்த ஒதுக்கல்தான் இன்று வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கலோரி பேசுகிறது.

தனிப்பட்ட ஓர் ஆலோசகரின் மனப்பான்மையை ஏன் பெரிதாக்குகிறாய் என்று கேட்கலாம். நிறுவனங்களைப் பாருங்கள். 2018இல் சென்னை ஐஐடி உணவுக்கூடம் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 2023இல் மும்பை ஐஐடியில் சைவர்களுக்குத் தனி மேசை ஒதுக்கி, அதை எதிர்த்த மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். 2021இல் கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க முன்வந்தபோது மடாதிபதிகள் எதிர்த்து நின்றார்கள். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது, மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றது. ஆம்பூரில் மாட்டுக்கறி இல்லாமல் பிரியாணித் திருவிழா! மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். அரசே வெட்கப்படும் உணவை ஆலோசகரின் பேனா மட்டும் எப்படி எழுதும்?

அடுத்தது சோறு. 'ஒயிட் ரைஸைத் தொடாதீங்க, மில்லட்டுக்கு மாறுங்க' என்பது இப்போதைய மந்திரம். நிலவுடைமையாளர் வீட்டில் நெல்லுச்சோறு, பண்ணையாள் வீட்டில் கேழ்வரகும் கம்பும் வரகும் என்றுதான் இந்த மண்ணின் பந்தி இருந்தது. நெல்லுச்சோறு என்பது நம் தாத்தா பாட்டிகளுக்குப் பண்டிகை. ரேஷன் அரிசி வந்த பிறகுதான் அது அன்றாடம் ஆனது. அன்று கேவலமாகப் பார்க்கப்பட்ட கூழ், இன்று பளபளக்கும் பாக்கெட்டில் 'சூப்பர் ஃபுட்' என்று பல மடங்கு விலைக்கு வருகிறது. சோற்றைக் குறைப்பதற்கு மருத்துவ நியாயம் இருக்கிறது. மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று 2024ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்கிறது. ஆனால் குறைத்த சோற்றின் இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? சோற்றையும் எடுத்து, கறியையும் எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது பசிதான். மூன்றாவது வாரத்தில் பசி ஜெயிக்கும். உடனே 'உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று தீர்ப்பு வரும். கட்டுப்பாடு இல்லாதவர்கள், சுத்தம் இல்லாதவர்கள், நாக்குக்கு அடிமையானவர்கள்: இந்த வசைகளை நாம் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம்.

நேரத்துக்கும் சாதி உண்டு. அந்தச் சார்ட் ஒரு நாளைக்கு ஆறு வேளை கேட்டது. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் பிடித்து, அரைமணி நேர உணவு இடைவேளையில் டப்பாவைத் திறந்து மூடும் பெண் பதினோரு மணிக்கு எங்கே போய்ப் பழம் நறுக்குவார்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து யார் அவருக்குச் சூப் வைத்துக் கொடுப்பார்கள்? வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் ஒருவரின் நாளைக் கணக்கில் வைத்து எழுதியதை, அந்த வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடமும் நீட்டுகிறார்கள்.

இனி நம் பக்கத்துத் தோழர்களிடம் சில வார்த்தை. எடை குறைப்பது மேட்டுக்குடிக் கவலை, சந்தை உருவாக்கிய அழகு வெறி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஒல்லியாக இருப்பதுதான் அழகு என்ற சந்தையை எதிர்ப்பது சரி. ஆனால் சர்க்கரைக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் நம் அம்மாக்களின் உடம்பில் வர்க்க உணர்வு பார்த்து விலகிப் போகத் தெரியாது. கால் போனால் அவர்களுக்குக் கூலி போகும். உடம்பைக் காப்பாற்றும் அறிவைப் பார்ப்பனிய ஆரோக்கியச் சந்தையிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, மாட்டுக்கறி விருந்தை வருடத்துக்கு ஒருமுறை எதிர்ப்பாக மட்டும் நடத்திக்கொண்டிருப்பது போதாது. நம் உணவை நம் மருத்துவமாகவும் பேச வேண்டும்.

ஏனென்றால் திட்டமிட்டு உண்பது உண்மையிலேயே வேலை செய்கிறது. பசித்த பிறகு யோசித்தால் கைக்கு எட்டுவது டீயும் பஜ்ஜியும்தான். என்ன சாப்பிடுவது என்று முன்னாலேயே முடிவாகியிருந்தால் பஜ்ஜிக்கடையைத் தாண்டிப் போவது எளிது. அம்மாவும் நானும் அந்தச் சார்ட்டை ஓரம் வைத்துவிட்டு, எங்கள் வீட்டு அடுப்பில் வழக்கமாக ஏறுவதைக்கொண்டே ஒரு வாரத்தை எழுதினோம். காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி. கூடவே மஞ்சள் கருவோடு ஒரு முட்டை. சர்க்கரை இருப்பதால் கூழ் ஒரு டம்ளருக்கு மேல் இல்லை. மதிய டப்பாவில் சோறு ஒரு டம்ளர் அளந்து. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பில் முருங்கைக்கீரை போட்ட கெட்டிக் குழம்பு. சோற்றைவிட இரண்டு பங்கு பொரியல். நாலு மணி டீக்குச் சர்க்கரை இல்லை, பஜ்ஜிக்குப் பதில் காலையிலேயே வேகவைத்துக் கொண்டுபோன சுண்டல். இரவில் சோறு அரை டம்ளர், அதே குழம்பு, கீரை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ பெரிய கறி. கொழுப்பைச் சீவி, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, எண்ணெய் கண்ணில் காட்டினால் போதும் என்ற அளவில் குக்கரில் வேகவைப்பது. மூன்று பேருக்கு அன்றைக்குப் பாதி, மீதி புதன்கிழமை இரவுக்கு. உப்புக்கண்டமும் கருவாடும் அம்மாவுக்குப் பிடிக்கும். உப்பு அதிகம் என்பதால் மாதத்துக்கு ஒருமுறை, நன்றாக ஊறவைத்து அலசி. மாத்திரையில் எந்த மாற்றமும் டாக்டரைக் கேட்டுத்தான். எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. பெரிய சாதனை இல்லை. ஆனால் இத்தனை மாதம் ஒரு திட்டத்தில் நிற்க முடிந்ததற்குக் காரணம், அதில் அவர் வெட்கப்பட வேண்டிய பதார்த்தம் எதுவும் இல்லை என்பதுதான்.

ஒரு வீட்டில் முடிந்ததை அரசு ஏன் செய்யக் கூடாது? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். அதோடு ஓர் உணவுத் தாளும் வரட்டும். அதில் மாட்டுக்கறி, ஈரல், கருவாடு, நண்டு, நத்தை என்று இந்த மாநிலத்து மக்கள் உண்பதெல்லாம் பெயர் சொல்லி, அளவு சொல்லி அச்சாகட்டும். 1982இல் தொடங்கிய சத்துணவில் முட்டை பிறகு வந்து சேர்ந்தது, இன்று வாரத்துக்கு ஐந்து. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றே நிற்கிறது. பிள்ளையின் காலைத் தட்டிலும் முட்டை வேண்டும் என்று கேட்போம். ஊட்டச்சத்துப் பாடம் நடத்தும் கல்லூரிகளில், நோயாளியிடம் "என்ன கறி?" என்று கேட்டுவிட்டு முகம் மாறாமல் எழுதிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கட்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. புனேயில் ஒரு பெண்ணிய ஆய்வு மையம் 2009இலேயே தலித் உணவின் வரலாற்றையும் நினைவுகளையும் தொகுத்து நூலாக்கியது. ஷாஹூ பட்டோலே 2015இல் மராத்வாடா தலித் சமையலை மராத்தியில் எழுதினார். நம் வாசிப்பு வட்டங்களில் மருத்துவம் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஊட்டச்சத்து படித்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகச் சமைப்பவர்கள் அவர்களைவிட அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தத்தம் வீட்டுச் சமையலை அளவோடு எழுதுங்கள். எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு கறி, எவ்வளவு எண்ணெய், யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்கு. அதிலிருந்து ஒரு பொதுத் திட்டத்தை எழுதி, அச்சடித்து, நம் தெருக்களில் கொண்டுபோய்க் கொடுப்போம். சமைப்பது அம்மா மட்டும்தான் என்று எழுத வேண்டி வந்தால், அந்த வரியைத்தான் முதலில் திருத்த வேண்டும்.