கொடைக்கானல் குளிருக்கு எவ்வளவு நெருப்பு வேண்டும்?

கொடைக்கானலில் புதிதாக வீடு கட்டுகிறவர்களாயினும் சரி, பழைய பங்களாவை விலைக்கு வாங்கிச் செப்பனிடுகிறவர்களாயினும் சரி, அறையின் நீள அகலத்தையும் கூரையின் தன்மையையும் கதவு ஜன்னல்களின் யோக்கியதையையும் சற்றும் கவனியாமல், கணப்பு எவ்வளவுக்கெவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கவ்வளவு வீடு கதகதப்பாயிருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பணத்தையும் விறகையும் ஒருங்கே விரயம் செய்விக்கும் நம்பிக்கை இது.

முதலில் குளிரின் அளவைப் பார்ப்போம். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள இவ்வூரில் மார்கழி, தை மாதத்து இரவுகளில் உஷ்ணநிலை சாதாரணமாக 8 அல்லது 9 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்குகிறது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருகிறவருக்கு இது பிரளயமாகத் தோன்றினாலும், உலகத்துக் குளிர்தேசங்களின் கணக்கில் இது மிதமான குளிரே. ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே குளிர் என்று சொல்லவும் இயலாது. இரவில் கனத்துப்போகும் குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடுகிறபடியால், 1863-ல் லெவிஞ்சு துரை உண்டாக்கிய ஏரியின் கரையிலும் ஜிம்கானா தாழ்நிலத்திலும் புல் வெளுக்க உறைபனி படிந்திருக்கும் காலைப்பொழுதில், சூரிய ஆராய்ச்சி நிலையம் அமைந்த மேட்டில் அந்த அடையாளமே இல்லாதிருப்பது உண்டு. ஆகவே ஏரிக்கரை வீட்டுக்காரர் வாங்கிய சாதனத்தை மேட்டு வீட்டுக்காரரும் வாங்குவதில் நியாயமில்லை.

மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845-ல் இங்கே முதல் வீடுகளைக் கட்டியது முதற்கொண்டு வெள்ளைக்காரர் எழுப்பிய பங்களாக்களில், சுவரைக் குடைந்து அமைத்த திறந்த கணப்புகளை இன்றும் காணலாம். பார்வைக்கு அவை கம்பீரமானவை, பிரயோஜனத்திலோ பரிதாபத்திற்குரியவை. எரிகிற விறகின் உஷ்ணத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. அதோடு, மேலேறும் புகை அறையிலுள்ள காற்றையும் சேர்த்து உறிஞ்சிச் செல்ல, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே வெளிக்குளிர் உள்ளே நுழைகிறது. நெருப்பின் முன் அமர்ந்தவருக்கு முகம் வியர்க்க முதுகு நடுங்குவதன் காரணம் இதுதான். அமெரிக்காவில் பிறந்த ரம்ஃபோர்டு பிரபு 1796-ல் லண்டன் கணப்புகளைச் சீர்திருத்த எழுதிய கட்டுரையில் சொன்ன பரிகாரம், அடுப்பைப் பெரிதாக்குவதன்று. ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சரித்து, புகைபோக்கியின் கழுத்தை ஒடுக்கி, அதைச் சிறிதாக்குவதே.

இனி ஒரு கணக்கு. பன்னிரண்டு அடிச் சதுரமும் பத்தடி உயரமுமுள்ள ஓர் அறை; வெளியே 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். மேலே வெறும் தகரக் கூரையானால் அதன் வழியே மட்டும் சுமார் 900 வாட் உஷ்ணம் வெளியேறும். வெளிப்புறம் பார்த்த இரண்டு ஒன்பதங்குலச் செங்கற்சுவர்கள் 400 வாட்டுக்குச் சற்று மேலும், ஒரு ஜன்னல் 100 வாட்டும், மணிக்கொரு தரம் மாறும் காற்று 130 வாட்டும் கொண்டுபோகும். ஆக, 1,500-க்கும் 1,600-க்கும் இடைப்பட்ட வாட். அதே கூரையின் கீழ்ப் பலகையால் சீலிங் அடித்துவிட்டால், கூரையின் நஷ்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, 1,000 வாட் சாதனமே அந்த அறைக்கு ஏறத்தாழப் போதுமானதாகிவிடும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவின் அடியிலும் ஜன்னல் சட்டத்தின் ஓரங்களிலும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே படுத்து உள்நோக்கி ஓடுகிறதோ அங்கே உங்கள் பணம் வெளியே போகிறது. அந்த இடுக்கை அடைக்க ரப்பர்ப் பட்டையோ பழந்துணித் திரியோ போதும்.

இதைச் செய்யாமல் 2,000 வாட் ரூம் ஹீட்டரைக் கடையிலிருந்து தூக்கி வருகிறவர்களே அதிகம். அது ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாற்றிச் செருகியதால், சாக்கெட்டின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி ஓட்டைகளின் விளிம்பு உருகியிருப்பதைப் பல தங்கும் விடுதிகளில் காணலாம். இரவுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 16 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 960 யூனிட். கட்டணம் படிப்படியாக ஏறும் நம் மாநிலத்தில் இது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேல்நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் உலைகளை அமைப்பவர்களுங்கூட, என்றோ ஒருநாள் வந்த கடுங்குளிரை அளவாகக் கொள்ளாமல், ஆண்டின் மிகப் பெரும்பாலான மணி நேரங்களுக்குப் போதுமான அளவையே கணக்கிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சிய உலை, காற்றை மட்டும் சட்டென்று சூடாக்கிவிட்டு அணைந்து, சுவர்கள் சூடேறுமுன் மறுபடி பற்றி, ஓயாமல் இப்படிச் செய்தே எரிபொருளைத் தின்று தானும் தேய்ந்துபோகும்.

மூடிய அறைக்குள் கரியடுப்பு வைப்பது அளவைப் பற்றிய விஷயமே அன்று, உயிரைப் பற்றிய விஷயம். 2024 ஆகஸ்டில் இவ்வூர் விடுதியொன்றில், இறைச்சி சுட்ட கரியடுப்பின் புகையால் இருவர் உறக்கத்திலேயே மாண்ட செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். அந்தப் புகையிலுள்ள, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு தன் வருகையை யாருக்கும் தெரிவிப்பதில்லை. சிறிய கரியடுப்பானாலும் புகைபோக்கி இல்லாத அறையில் அதற்கு இடமில்லை.

கொடைக்கானலில் வீட்டுக்கும் விடுதிக்கும் வரைபடம் போட்டுத்தரும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாட் உஷ்ணம் தேவை என்ற ஒற்றை எண்ணையும், ஹீட்டருக்கென்று 16 ஆம்பியர் பிளக் வரவேண்டிய இடத்தையும் வரைபடத்திலேயே குறித்துக் கொடுங்கள். கட்டுகிறவர்களே, அந்த எண் பெரிதாக வந்தால் ஹீட்டரை மாற்றுமுன் கூரையை மாற்றுங்கள்.