நாற்பத்தைந்தின் படபடப்பு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களில் நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி “நெஞ்சு படபடன்னு வருது, காரணமே இல்லாம பயமா இருக்கு” என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. திரும்பவும் சொன்னால் பயந்த கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். பிறகு ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, “ஹார்ட்டுல ஒண்ணுமில்லம்மா, யோசனையைக் கொறச்சுக்கோங்க” என்று அனுப்பிவைப்பார்கள். அதற்கு மேலும் புலம்பினால் தூக்க மாத்திரை. இத்தனை அலைச்சலிலும் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: “மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?”

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46-47. மேலை நாடுகளில் அது 51. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பை தடுமாறத் தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஒரு வாரம் ஏறும், மறுவாரம் சரியும். கருப்பையை மட்டும் கவனிக்கிற ஹார்மோன் இல்லை அது. மூளையில் தூக்கம், மனநிலை, உடல் சூடு இவற்றைப் பார்த்துக்கொள்ளும் இடங்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. அதனால்தான் நள்ளிரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, போன தூக்கம் திரும்புவதில்லை. பத்து நாள் இப்படித் தூங்காவிட்டால் யாருக்குத்தான் பகலில் பதற்றம் வராது?

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்புக் காட்டில் வேலை செய்தவர். அதிக ரத்தப்போக்கு என்று நாற்பதைத் தொடும் முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, முந்தானையை நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கதவைச் சாத்தினோமா என்று எழுந்துபோய்ப் பார்ப்பார், வந்து படுப்பார், மறுபடியும் எழுந்துபோவார். பஸ் ஏறினால் மூச்சு முட்டும். “காத்து கருப்பு எதனா அண்டியிருக்கும்” என்று மாமியார் தாயத்துக் கட்டிவிட்டார். மருந்துக் கடையில் வாங்கிய சின்ன மாத்திரையைப் போட்டால் தூக்கம் வந்தது. போடாத நாளில் படபடப்பு இரண்டு மடங்கானது.

கடைசியில் ஒரு பெண் மருத்துவர்தான் கேட்டார், “கர்ப்பப்பையோட சினைப்பையையும் எடுத்தாங்களா?” அக்காவுக்குத் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. ரேஷன் கார்டு, பத்திர நகல் இவற்றோடு மஞ்சப்பையில் கிடந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தோம். முழுக்க ஆங்கிலம். நர்சிங் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள்: இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள்.

வயதானபின் மாதவிடாய் தானாக நிற்கிற உடம்புக்குப் பழகிக்கொள்ளச் சில ஆண்டுகள் கிடைக்கும். சினைப்பைகளை எடுத்துவிட்டால் அந்த அவகாசம் கிடையாது. ஓரிரு நாளில் ஈஸ்ட்ரோஜன் பாதாளத்துக்குப் போய்விடும். கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைத்தாலும், அது சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடுவதுண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருப்பை இல்லாதவளுக்கு மாதவிடாய் ஏற்கெனவே நின்றுவிட்டது. சினைப்பை ஓய்கிறது என்று காட்டிக்கொடுக்க மாதவிலக்கு என்ற அடையாளம் மிச்சமில்லை. ஆகவே படபடப்பு வரும்போது அவளுக்கும் தோன்றுவதில்லை, பார்க்கிற மருத்துவருக்கும் தோன்றுவதில்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாட்டையே உலுக்கியது. வேலை ஒரு நாள் நின்றால் கூலி போச்சு, மாதவிடாயே இல்லாவிட்டால் தொல்லை விட்டது என்ற கணக்கு அது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எடுப்பதைத் தடுப்பது பற்றிப் பேசியாயிற்று. எடுத்தபின் அந்தப் பெண் எப்படி வாழ்கிறாள் என்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

அக்காவுக்கு அந்த மருத்துவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மார்பகம் எல்லாம் பார்த்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் எழுதினார். வீட்டில் ஒரே கலவரம். “ஹார்மோன் போட்டா கேன்சர் வருமாமே!”

இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துச் சோதித்த பிரிவை 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தியது. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். நிதானமாகப் பார்த்தால் கணக்கு இதுதான்: பத்தாயிரம் பெண்கள் ஓர் ஆண்டு சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக எட்டுப் பேருக்கு. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, அதாவது மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்கள். கருப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அந்தப் பிரிவை 2004-ல் நிறுத்தியதற்குக் காரணம் பக்கவாதம் கூடியது. பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017-ல் வெளியிட்ட முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மொத்த இறப்பு கூடியிருக்கவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்த மருந்துகளின் மேல் போட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை விலக்கப்போவதாக அறிவித்தது.

இன்று மருத்துவ உலகம் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது: அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் ஹார்மோன் மருந்தைத் தொடங்கினால், மற்றக் கோளாறு இல்லாதவர்களுக்கு நன்மையே அதிகம். சின்ன வயதில் சினைப்பையை இழந்தவர்கள், தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரை எடுத்துக்கொள்வது நல்லது. எலும்பும் இதயமும்கூட அதைக் கேட்கின்றன. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிடவே கூடாது. புரோஜெஸ்டிரோன் சேராவிட்டால் கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோயாளிகள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், இவர்களுக்கு இது பொதுவாகத் தருவதில்லை. தோலில் தடவும் ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

இது பதற்றத்துக்கென்றே ஏற்பட்ட மருந்தும் இல்லை. உடல் கொதிப்பு, இரவு வியர்வை, தூக்கமின்மை இவற்றோடு சேர்ந்து வந்த பதற்றம்தான் இதில் தணிகிறது. இளவயதிலிருந்தே பதற்றம் இருந்தால், வீட்டில் வேறு காரணம் இருந்தால், மனநல ஆலோசனையும் அதற்குரிய மாத்திரையும் வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாவட்டம் இது. குடிக்கிற கணவனையும் குழுக் கடனையும் நினைத்து விழித்திருக்கிறவளுக்கு எந்த ஜெல்லும் உதவாது. எது எதனால் என்று பிரித்துச் சொல்லத்தான் மருத்துவர் வேண்டும்.

அக்காவுக்குச் சில வாரங்களில் கொதிப்பு அடங்கியது. தூக்க மாத்திரையை மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். “பயம் அடியோட போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன். ராத்திரி தூங்குறேன், அது போதும் எனக்கு” என்கிறார்.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி, சேலம் என்று ஓட வேண்டியிருந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பி.பி., சுகர் பார்க்கத் தன்னார்வலர் வீட்டுக்கே வருகிறார். நாற்பது தாண்டிய பெண்ணிடம் அவர் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: மாதவிலக்கு எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்குகிறீர்களா, கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா. செலவே இல்லாத இந்த வேலையைச் சுகாதாரத் துறை சங்கராபுரத்திலும், கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையிலும் உடனே தொடங்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்கு ஒருநாள் கூலியும் பஸ் காசும் போகிறது. அவளை ஈ.சி.ஜி.யோடு திருப்பி அனுப்புவது அநியாயம்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ மனைவியோ கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவராக இருந்தால், இந்த வாரமே அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டு, மகப்பேறு பிரிவு மருத்துவரிடம் கூடவே போங்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். சீட்டு தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, சினைப்பை வேலை செய்கிறதா என்று ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து மருத்துவரால் கணிக்க முடியும்.